முதலில் அக்காவின் இடது கண்

கடிதம்:

டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 56. பர்மாவில் மோல்மேனில் இருக்கிறேன். என் அக்காவுக்கு 61. தட்டோன் பக்கத்தில் எங்கள் பழைய கிராமத்தில்தான் இன்னும் இருக்கிறாள். போன மார்கழியில் ஒரு ராத்திரி கரண்டு இல்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் குனிந்து உட்கார்ந்து கோயிலுக்குப் பூக் கட்டிக்கொண்டிருந்தாள். சளிக்காகக் கடையில் பொட்டலம் கட்டிக் கொடுத்த மாத்திரைகளை இரண்டு நாளாகச் சாப்பிட்டு வந்தாள். திடீரென்று வலது பக்கத் தலை வெடிக்கிற மாதிரி வலி. அப்புறம் வாந்தி. "மெழுகுவத்தியைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரியுது" என்றாள். ஊரில் பித்தம் என்று சொல்லி வாந்திக்கு ஊசி போட்டார்கள். மறுநாள் சாயங்காலம்தான் ரங்கூனுக்குக் கொண்டுவந்தோம். வலது கண்ணில் அழுத்தம் 58 என்றார்கள். மருந்து கொடுத்து அதை இறக்கி, லேசர் போட்டார்கள். அந்தக் கண்ணில் இப்போது பாதிப் பார்வைதான். இடது கண்ணை அடுத்த முறை பார்க்கலாம் என்றார்கள். அது நன்றாகத் தெரிவதால் நாங்கள் அப்புறம் போகவில்லை.

பயந்துபோய் நானும் என் கண்களை அளந்து பார்த்தேன். முதல் சீட்டில் கண் நீளம் 21.87, முன்னறை ஆழம் 2.31, லென்ஸ் தடிப்பு 4.92 என்று இருந்தது. ஒரு மாதம் கழித்து இன்னொரு இடத்தில் வேறு மிஷினில் பார்த்தபோது முன்னறை ஆழம் 1.78 என்று வந்தது. ஒரே மாதத்தில் இவ்வளவு குறைந்துவிட்டதா? அக்காவுக்கு வந்தது எனக்கும் வருமா? இப்போதே லேசர் போட்டுக்கொள்ள வேண்டுமா? கண்ணில் தண்ணீர் சேருகிற நோய் என்பதால் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கச் சொல்கிறார்கள். சரியா? நான் சின்ன வயதிலிருந்தே தூரத்துக்கும் பிளஸ் கண்ணாடிதான் போடுகிறேன்.

பதில்:

அன்புள்ள சகோதரி, உங்கள் கடிதத்தில் நாலு கேள்விகள் இருக்கின்றன. நாலும் உங்களைப் பற்றியவை. ஆனால் படித்தவுடன் என் மனம் போய் நின்றது நீங்கள் கேள்வியாகவே எழுதாத ஒரு வரியில்: "இடது கண் நன்றாகத் தெரிவதால் நாங்கள் அப்புறம் போகவில்லை." உங்கள் எண்களைப் பற்றி நிறையப் பேசலாம், பேசுகிறேன். அதற்கு முன்னால் அக்காவுக்குப் போன் செய்யுங்கள். இந்த வாரமே இடது கண்ணுக்கும் லேசர் போட ஏற்பாடு செய்யுங்கள்.

ஏன் இந்த அவசரம்? அக்காவுக்கு வந்தது கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோயில் ஒரு வகை. கண்ணுக்குள் ஊறும் நீர் வடிகிற மூலைக்குக் கோணம் என்று பெயர். அது அடைபட்டால் அழுத்தம் ஏறிவிடும். ஒரு கண்ணில் இப்படித் திடீரென்று கோணம் அடைத்துக்கொண்டால், மற்றக் கண்ணும் அதே அளவில், அதே அமைப்பில் செய்யப்பட்ட கண்தான். அதை அப்படியே விட்டுவைத்தால் ஐந்து வருஷத்துக்குள் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதிலும் இதே தாக்குதல் வருகிறது. இது பல காலமாகத் தெரிந்த விஷயம். அதனால்தான் ஒரு கண்ணில் வந்துவிட்டால் மற்றக் கண்ணுக்கும் முன்கூட்டியே லேசரில் ஒரு சிறு துவாரம் போட்டுவிடுவதை உலகம் முழுவதும் வழக்கமாக வைத்திருக்கிறார்கள். நன்றாகத் தெரிகிற கண் என்பது இங்கே ஆறுதலான செய்தி இல்லை. வலது கண்ணும் அன்று ராத்திரி பூக் கட்ட உட்காரும்வரை நன்றாகத்தானே தெரிந்தது?

இப்போது உங்கள் சீட்டுகளுக்கு வருகிறேன். நீங்கள் அனுப்பிய இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 2.31-க்கும் 1.78-க்கும் வித்தியாசம் 0.53 மில்லிமீட்டர். கார்னியா என்று சொல்கிறோமே, கண்ணின் முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்கும் அந்தத் தோல், அதன் தடிப்பு பெரியவர்களுக்குச் சராசரியாக அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். சில மிஷின்கள் முன்னறையை, அதாவது கார்னியாவுக்கும் லென்ஸுக்கும் நடுவே இருக்கும் இடத்தை, கார்னியாவின் வெளிப்பக்கத்திலிருந்து லென்ஸ்வரை அளக்கின்றன. சில மிஷின்கள் கார்னியாவின் உள்பக்கத்திலிருந்து அளக்கின்றன. ஒரு அறையின் நீளத்தைச் சுவரையும் சேர்த்து ஒருவர் அளக்கிறார், சுவரை விட்டுவிட்டு இன்னொருவர் அளக்கிறார். அறை ஒன்றுதான். உங்கள் கண்ணில் நடந்திருப்பது இதுதான் என்று நினைக்கிறேன். முன்னறை ஆழம் வயதோடு குறைவது உண்மை. ஆனால் அது வருஷக்கணக்கில், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று குறைகிற காரியம். ஒரு மாதத்தில் அரை மில்லிமீட்டர் குறையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கண்ணின் மேல் குச்சி மாதிரி ஒன்றைத் தொட்டு அளக்கும் ஸ்கேன் உண்டு. அளப்பவர் கை கொஞ்சம் அழுத்திவிட்டால் கார்னியா உள்ளே அமுங்கி, முன்னறை இருப்பதைவிடக் குறைவாகவும் கண் இருப்பதைவிடக் குட்டையாகவும் சீட்டில் வரும். தொடாமல் ஒளியால் அளக்கும் மிஷினில் அந்தத் தவறு இல்லை. ஆகையால் அடுத்த தடவை அளந்தால் எந்த மிஷின், எங்கிருந்து எங்கே அளந்தது என்று கேட்டுச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். முடிந்தால் ஒரே மிஷினில் பாருங்கள். வேறு வேறு மிஷின் எண்களைச் சேர்த்து வைத்துப் பயப்பட வேண்டாம்.

சரி, மிஷின் குழப்பத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் அந்த எண்கள் என்ன சொல்கின்றன? அதைப் புரிந்துகொள்ளக் கண்ணுக்குள் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று தெரிய வேண்டும்.

ஐரிஸ் என்ற நிறத்திரைக்குப் பின்னால் ஒரு தெளிந்த நீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. நிமிஷத்துக்கு 2 மைக்ரோலிட்டர், அதற்குச் சற்று மேல். ஒரு சொட்டு மருந்தில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அது ஐரிஸின் நடுவில் இருக்கும் கருந்துளையான பாப்பா வழியாக முன்னறைக்கு வந்து, கார்னியாவும் ஐரிஸும் சந்திக்கும் மூலையில் இருக்கும் ஒரு சல்லடை வழியாக வடிகிறது. அந்த மூலையைத்தான் கோணம் என்கிறோம். இப்போது கண் குட்டையாக இருந்து, உள்ளே லென்ஸ் தடித்திருந்தால், லென்ஸின் முகம் ஐரிஸின் முதுகில் ஒட்டி நிற்கும். பாப்பா வழியாக நீர் எளிதில் முன்னால் வர முடியாது. பின்னால் தேங்குகிற நீர் ஐரிஸைப் பாய்மரத் துணி மாதிரி முன்னால் புடைக்கத் தள்ளும். புடைத்த துணியின் ஓரம் போய் மூலைச் சல்லடையை மூடிக்கொள்ளும். தொட்டியில் தண்ணீர் போகும் ஓட்டையில் ஒரு துணித் துண்டு ஒட்டிக்கொண்டதை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. சில மணி நேரத்தில் அழுத்தம் 10-க்கும் 21-க்கும் இடையில் இருக்க வேண்டியது 50, 60 என்று ஏறிவிடும். அக்காவுக்கு 58 வந்தது இப்படித்தான்.

இந்த விளக்கத்தை எட்வர்ட் கர்ரன் என்ற அமெரிக்க மருத்துவர் 1920-லேயே சொன்னார். அதற்கும் முன்னால், 1857-ல், ஜெர்மனியின் ஆல்பிரெக்ட் ஃபான் கிராஃபே இந்த நோய்க்கு ஐரிஸில் ஒரு துண்டை வெட்டி எடுத்துப் பார்வையைக் காப்பாற்றினார். அந்த வெட்டு ஏன் வேலை செய்கிறது என்பது அவருக்குச் சரியாகத் தெரியாது. ஆனாலும் அது வேலை செய்தது. இன்று லேசரில் போடுகிற துவாரம் அந்த வெட்டின் பேத்திதான். பின்னால் தேங்கிய நீருக்கு ஒரு கொல்லைப்புற வழி, அவ்வளவுதான்.

கண்ணின் அளவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள உறவைப் பொறுமையாக அளந்து காட்டியவர்களில் ஆஸ்திரேலியாவின் ரொனால்ட் லோ முக்கியமானவர். 1970-ல் அவர் வெளியிட்ட அளவுகளை நான் இன்னும் நோயாளிகளுக்குத் தாளில் எழுதிக் காட்டுவேன். சாதாரணக் கண்களில் நீளம் சராசரியாக 23.10, லென்ஸ் தடிப்பு 4.50. கோணம் அடைத்த கண்களில் நீளம் 22.01, லென்ஸ் தடிப்பு 5.09. முன்னறை ஆழமோ சுமார் 1 மில்லிமீட்டர் குறைவு. இப்போது உங்கள் எண்களைப் பக்கத்தில் வையுங்கள். நீளம் 21.87, லென்ஸ் 4.92. கண்ணின் மொத்த நீளத்தில் லென்ஸ் மட்டும் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று வகுத்துப் பாருங்கள். லோவின் சாதாரணக் கண்ணில் 100-க்கு 19.5. அவருடைய நோயுற்ற கண்ணில் 23.1. உங்களுக்கு 22.5. சின்ன வீட்டில் பெரிய பீரோ. நடக்க இடம் கம்மி.

தூரத்துக்கும் பிளஸ் கண்ணாடி போடுகிறேன் என்று நீங்கள் எழுதியது இந்தக் குட்டைக் கண்ணின் இன்னொரு அடையாளம். அதோடு நீங்கள் பெண். பெண்களின் கண் சராசரியாக ஆண்களின் கண்ணைவிடச் சிறியது. இந்தத் தாக்குதலும் பெண்களுக்கே கூடுதல். வயது 50-ஐத் தாண்டியாயிற்று. லென்ஸ் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே போகிற பொருள், வருஷத்துக்கு 0.02 மில்லிமீட்டர் வாக்கில். கூடப்பிறந்த அக்காவுக்கு வந்திருக்கிறது. அதுதான் இவை எல்லாவற்றிலும் கனமானது.

நாம் வாழ்கிற இந்த நாட்டிலும் இது அபூர்வமான நோய் இல்லை. 2005-ல் மெய்த்திலா வட்டாரக் கிராமங்களில் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களைப் பரிசோதித்தபோது, கோணம் மூடுவதால் வரும் கிளாக்கோமா 100-க்கு 2.5 பேருக்கு இருந்தது. கோணம் திறந்திருந்தே வரும் வகை 2.0. மேற்கு நாடுகளில் திறந்த வகைதான் அதிகம். இங்கே கணக்குத் தலைகீழ்.

இவ்வளவையும் படித்துவிட்டு, அப்படியென்றால் எனக்கு வந்தே தீரும் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அளவு என்பது யாருக்கு இடம் குறைவு என்று சொல்லும். யாருக்கு, எந்த ராத்திரி அடைத்துக்கொள்ளும் என்று சொல்லாது. சீனாவின் குவாங்சோ நகரில் குறுகிய கோணம் உள்ள 889 பேரை எடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணில் மட்டும் லேசர் போட்டு, மறு கண்ணைச் சும்மா விட்டு, 6 வருஷம் பின்தொடர்ந்தார்கள். முடிவு 2019-ல் வந்தது. லேசர் போடாத 889 கண்களில் திடீர்த் தாக்குதல் வந்தது ஐந்தில்தான். லேசர் போட்டவற்றில் ஒன்று. லேசர் உதவுகிறது, சந்தேகமில்லை. ஆனால் இடம் குறைந்த கண்களில் பெரும்பாலானவை தாக்குதல் இல்லாமலே காலம் தள்ளுகின்றன. அதனால்தான் குறுகிய கோணம் என்று தெரிந்த எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு லேசர் போட வேண்டாம் என்று அந்த ஆய்வு செய்தவர்களே சொன்னார்கள்.

அப்படியானால் உங்களுக்கு? என் முடிவைச் சொல்கிறேன், காரணத்தோடு. இரண்டு சீட்டிலும் இல்லாத ஒரு பரிசோதனை பாக்கி இருக்கிறது. அது முடியாமல் யாரும் உங்களுக்கு லேசர் போடவும் கூடாது, வேண்டாம் என்று அனுப்பவும் கூடாது. அதன் பெயர் கோனியோஸ்கோப்பி.

மூலையை நேராகப் பார்க்க முடியாது. அங்கிருந்து புறப்படும் வெளிச்சம் கார்னியாவிலேயே பட்டு உள்ளே திரும்பிவிடும். அதனால் கண்ணை மரக்கடிக்கும் சொட்டு மருந்து விட்டு, உள்ளே சிறு கண்ணாடிகள் பதித்த ஒரு லென்ஸைக் கண்ணின் மேல் மெல்ல வைத்து, அந்தக் கண்ணாடியில் தெரியும் மூலையை டாக்டர் பார்ப்பார். வலிக்காது. கண்ணில் ஏதோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். முக்கியமானது, அறை இருட்டாக இருக்க வேண்டும், விளக்கின் ஒளிக்கீற்றும் சின்னதாக இருக்க வேண்டும். வெளிச்சம் பாப்பாவில் விழுந்தால் அது சுருங்கும், ஐரிஸ் இழுபடும், மூடியிருக்கும் மூலை திறந்த மாதிரி பொய் காட்டும். அவசரக் கூட்டத்தில் டியூப்லைட்டை அணைக்காமல் பார்த்த கோணம் பார்க்காத கோணத்துக்குச் சமம். நான் படிக்கும் காலத்தில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் முதலில் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுத்தான் லென்ஸைக் கையில் எடுப்பார். நானும் அப்படித்தான்.

அந்தப் பரிசோதனையில் சுற்றளவில் பாதிக்கு மேல் சல்லடை கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், உங்கள் விஷயத்தில் நான் லேசர் போடச் சொல்வேன். குவாங்சோ ஆய்வைச் சொன்ன அதே வாயால் ஏன் இதைச் சொல்கிறேன்? அங்கே அவர்கள் தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுப் பரிசோதித்த மாதிரி, எந்தத் தொல்லையும் இல்லாத ஜனங்களை எடுத்தார்கள். பெரிய நகரம், ஆஸ்பத்திரி பக்கத்தில், முறை வைத்துப் பரிசோதனை. உங்களுக்குக் கூடப்பிறந்தவளுக்கு வந்துவிட்டது. நீங்கள் இருப்பது மோல்மேனில். ராத்திரியில் தாக்குதல் வந்தால் ரங்கூனில் லேசர் மிஷின் முன்னால் உட்கார எத்தனை மணி நேரமாகும் என்று அக்காவின் கதையே சொல்கிறது. அதோடு இப்போது பாதை நிலவரமும் சரியில்லை. மாலையில் கரண்டு இருப்பதைவிட இல்லாத நாள் அதிகம். இதெல்லாம் எந்த ஸ்கேன் சீட்டிலும் வராத அளவுகள். ஆனால் முடிவெடுக்கும்போது நான் இவற்றையும் சேர்த்துத்தான் எடை போடுவேன்.

கோணம் நன்றாகத் திறந்திருந்தால், லேசர் வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து காட்டினால் போதும்.

லென்ஸையே எடுத்துவிடலாமே என்று யாராவது சொல்வார்கள். அதிலும் நியாயம் உண்டு. இடத்தை அடைப்பதே லென்ஸ் என்றால் அதை எடுத்துவிட்டு மெல்லிய செயற்கை லென்ஸ் வைத்தால் முன்னறை ஆழமாகிவிடும். 2016-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு, கோணம் மூடி அழுத்தமும் 30-க்கு ஏறியவர்களுக்கும், ஏற்கெனவே கிளாக்கோமா வந்தவர்களுக்கும், லேசரைவிட லென்ஸை எடுப்பதே மேல் என்று காட்டியது. உங்களுக்கு அழுத்தம் ஏறியதாக எழுதவில்லை. புரை இருப்பதாகவோ பார்வை மங்கியதாகவோ எழுதவில்லை. உங்களுக்கு இப்போது அது தேவையில்லை. அக்காவின் வலது கண்ணுக்கு ஒருவேளை தேவைப்படலாம். கண் டாக்டரிடம் அதைக் கேளுங்கள்.

லேசர் எப்படி இருக்கும் என்று பயம் இருக்கும். பாப்பாவைச் சுருக்கும் மருந்து விட்டு, அரை மணி கழித்து உட்கார வைப்பார்கள். தாடையை ஒரு தாங்கியில் வைக்க வேண்டும். இமைக்கு அடியில் மறையும் இடத்தில் ஐரிஸில் சில சுடுதல்கள். டப் டப் என்று சத்தம் கேட்கும், சுள்ளென்று ஒரு சின்னக் குத்தல். துவாரம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். முடிந்ததும் ஒரு மணி நேரம் இருந்து அழுத்தத்தைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும், சிலருக்கு அந்த நேரத்தில் கொஞ்சம் ஏறும். ஒரு நாள் மங்கல் இருக்கலாம். சிலருக்கு விளக்கைப் பார்த்தால் ஒரு வெளிச்சக் கோடு தெரியும். அழற்சி குறைய நாலைந்து நாள் சொட்டு மருந்து. துவாரம் போட்டாயிற்று என்று விட்டுவிடக் கூடாது, கோணம் திறந்ததா என்று மறுபடி கோனியோ லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். சிலருக்கு ஐரிஸ் வேறு காரணத்தாலும் மூலையில் நெருக்கிக்கொண்டு நிற்கும். அதற்கு இந்தத் துவாரம் மட்டும் போதாது.

தண்ணீரைப் பற்றி: தாகத்துக்குக் குடியுங்கள். கண்ணுக்குள் ஊறுகிற நீர் நீங்கள் குடிக்கிற தண்ணீர் தேங்கியது அல்ல. ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடிப்பதை மட்டும் தவிர்க்கலாம்.

ஆனால் மாத்திரைகள் வேறு விஷயம். அதைப் பற்றிக் கொஞ்சம் நேரமெடுத்துப் பேசுவேன். அக்காவின் அந்த ராத்திரியைத் திரும்பப் பாருங்கள். அரை இருட்டில் பாப்பா பாதி விரிந்திருந்தது. பாப்பா பாதி விரிந்த நிலைதான் ஐரிஸ் லென்ஸில் மிக நன்றாக ஒட்டிக்கொள்ளும் நிலை. குனிந்து பூக் கட்டினாள், லென்ஸ் கொஞ்சம் முன்னால் வந்தது. மேலே சளிப் பொட்டலம். மூக்கடைப்பைத் திறக்கும் மருந்தும், மூக்கொழுகலை நிறுத்தித் தூக்கம் தரும் மருந்தும் பாப்பாவை விரிக்கக் கூடியவை. நம் கடைகளில் நாலைந்து நிற மாத்திரைகளைப் பெயரில்லாமல் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுப்பார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. உங்களைப் போன்ற கண் உள்ளவர்கள் அந்தப் பொட்டலத்தை வாங்கவே கூடாது. அட்டையோடு வாங்குங்கள், பெயரைப் படியுங்கள். வயிற்றுப் பிடிப்புக்குத் தரும் ஹயோசின், நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் தரும் அமிட்ரிப்டிலின், ஆஸ்துமாவுக்கு முகமூடி வழியாக ஆவியாகக் கொடுக்கும் ஐப்ராட்ரோபியம், இவற்றைத் தரும் டாக்டரிடம் "என் கண் கோணம் குறுகியது" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். கண்ணில் பாப்பாவை விரிக்கும் சொட்டு விடப் போகிறவரிடமும் சொல்லுங்கள். துவாரம் போட்ட பிறகு இந்தப் பயம் பெரும்பாலும் நீங்கிவிடும். ஒற்றைத் தலைவலிக்குத் தரும் டோபிராமேட் மட்டும் விதிவிலக்கு. அது வேறு வழியில் இரண்டு கண்ணையும் ஒன்றாக அடைக்கும். கோணம் அகலமானவர்களுக்கும் வரலாம், அதற்கு லேசர் உதவாது. அந்த மாத்திரையை நிறுத்துவதுதான் முதல் வேலை.

கரண்டு போன மாலைகளில் ஒரு மெழுகுவத்தியோடு குனிந்து வேலை செய்யாதீர்கள். பேட்டரி விளக்கை நல்ல வெளிச்சமாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பூவைக் காலையில் கட்டுங்கள். அம்மன் பொறுத்துக்கொள்வாள்.

இனி, தாக்குதல் வந்தால் தெரிந்துகொள்வது எப்படி? கண்ணிலும் அந்தப் பக்கத் தலையிலும் வலி, கண் சிவப்பு, பார்வை புகை மூட்டம், விளக்கைச் சுற்றி வானவில் வளையம், குமட்டல், வாந்தி. வலியும் வாந்தியும் மேலே நிற்பதால் வயிறு என்றோ ஒற்றைத் தலைவலி என்றோ எண்ணிக்கொள்கிறார்கள். வாந்தி எடுப்பவரின் இரண்டு கண்ணையும் மூடச் சொல்லி, இமையின் மேல் விரலால் மெல்லத் தொட்டு ஒப்பிட்டால், அடைபட்ட கண் கல் மாதிரி இருக்கும். டார்ச் அடித்தால் அந்தக் கண்ணின் பாப்பா சுருங்காமல் பாதி விரிந்தபடியே நிற்கும். இந்த இரண்டையும் தெரிந்துகொள்ள டாக்டராக இருக்க வேண்டியதில்லை. சில நாள் மாலையில் வளையம் தெரிந்து, லேசாக வலித்து, தூங்கி எழுந்ததும் சரியாகிவிடும். தூக்கத்தில் பாப்பா சுருங்குவதால் அது. அப்படி ஒரு தடவை வந்தாலும் அது முன்னறிவிப்பு. அன்றே கிளம்புங்கள்.

இதில் என் மனம் ஆறாத ஒன்று உண்டு. ரங்கூனுக்கு அருகே சிரியம் பக்கத்தில் இருந்த என் பெரியம்மாவுக்கு நான் பள்ளியில் படிக்கும்போது இதுதான் வந்தது. இரண்டு ராத்திரி வாந்தி. வயிற்றுக்கு மருந்து கொடுத்தார்கள். வலி அடங்கிய பின் கண் மங்கலாகவே இருந்தது. பார்த்தவர் "தெய்ன்" என்றார், முற்றட்டும், எடுக்கலாம் என்றார். பர்மிய மொழியில் தெய்ன் என்றால் மேகம். கண்புரைக்கும் அதுதான் பேச்சு. கிளாக்கோமாவுக்கு யே தெய்ன், தண்ணீர் மேகம். ஒரு சொல் முன்னால் சேர்ந்தால் நோயே வேறு. புரைக்குப் பொதுவாகக் கொஞ்சம் காத்திருக்கலாம், எடுத்தால் பெரும்பாலும் வெளிச்சம் திரும்பும். யே தெய்னில் போன நரம்பு திரும்பாது. பெரியம்மா முற்றட்டும் என்று ஒரு வருஷம் திண்ணையில் உட்கார்ந்து காத்திருந்தார். அடுத்த கண்ணும் அந்த வருஷமே போய்விட்டது. அந்த இரண்டாவது கண்ணைக் காப்பாற்றியிருக்க முடியும் என்று எனக்குத் தெரிய வந்தது மருத்துவம் படிக்கும்போதுதான். நான் ஏன் உங்கள் அக்காவின் இடது கண்ணைப் பற்றி முதல் வரியிலேயே எழுதினேன் என்று இப்போது உங்களுக்குப் புரியும். பர்மியர்கள் நடத்தும் மருத்துவமனையில் பேசும்போது, தெய்ன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். யே தெய்ன், அக்காவுக்குத் திடீரென்று வந்தது என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

தட்டோன் உங்களுக்கு ரங்கூன் போகும் வழியில்தான். அக்காவையும் ஏற்றிக்கொண்டு இருவரும் ஒன்றாக வாருங்கள். இரண்டு சீட்டும், இரண்டு பேரின் கண்ணாடிகளும், அக்காவுக்கு அன்று போட்ட மருந்துச் சீட்டும், வீட்டில் அந்தப் பொட்டலத்தில் மிச்சம் ஏதாவது இருந்தால் அதுவும் பையில் இருக்கட்டும். இன்னும் கூடப்பிறந்தவர்கள் யாராவது 40-ஐத் தாண்டியிருந்தால் அவர்களிடமும் சொல்லுங்கள், ஒரு தடவை கோணத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. நீண்ட பஸ் பயணம். வழியில் குமட்டாமல் இருக்கக் கடையில் தரும் மாத்திரையை அக்கா போட வேண்டாம், அதுவும் பாப்பாவை விரிக்கிற ஜாதிதான். ஜன்னல் ஓரமாக உட்கார வையுங்கள், ஒரு துண்டு இஞ்சியை வாயில் அடக்கிக்கொள்ளட்டும்.